காலம் கனியட்டும் என்றொரு திட்டம்

சென்ற மாதம் ஒரு திருச்சபையின் தொலைநோக்குத் திட்ட வரைவு மொழித்திருத்தத்திற்காக என்னிடம் வந்தது. எந்தச் சபை என்பது இங்கே தேவையில்லை. வணிக வளாகம், திருமண மண்டபம், சுயநிதிக் கல்லூரி, ஆலயத்துக்குப் புதிய கோபுரம் என்று நாற்பது பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு, தொகை உண்டு, பொறுப்பாளர் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு பத்தி: சபைக்குள் நிலவும் சாதி வேற்றுமைகள் படிப்படியாகக் களையப்படும். அதற்கு மட்டும் ஆண்டில்லை, தொகையில்லை, பொறுப்பாளரும் இல்லை. ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ‘படிப்படியாக’ என்ற சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் அதை விட்டுவிட வேண்டியதாயிற்று.

அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் போகிறவர் தரங்கம்பாடிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். தமிழகத்துப் புராட்டஸ்டண்டு சபைகளுள் மூத்தது லுத்தரன் சபை. திட்டமிடுதலில் அதன் முன்னோடிகளுக்கு நிகரானவர்கள் அக்காலத்தில் குறைவு. 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சோவும் கரையிறங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அச்சகம் வந்தது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியபோது, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் போதாதபோது பொறையாற்றில் காகிதப் பட்டறை தொடங்கினார்கள். 1716இல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடம். ஈயம், காகிதம், மை, ஆசிரியர் என்று ஒவ்வொன்றுக்கும் அடுத்த தலைமுறையின் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டவர்கள் இவர்கள். நம் சிற்றிதழ்கள் இதைப் போற்றிப் பலமுறை எழுதிவிட்டன. நானும் எழுதியிருக்கிறேன்.

அதே அச்சகத்தின் நூல் ஒன்று ஒரு மனிதனை என்ன செய்தது என்பதை நாம் அவ்வளவாக எழுதியதில்லை. தஞ்சை மன்னரின் படையில் இருந்த இராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களைப் படித்துவிட்டு மிஷனைத் தேடி வந்தவர். பறையர் குலத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். தஞ்சைச் சீமையில் உபதேசியாராகப் பல்லாண்டுகள் ஊர் ஊராக உழைத்தார். அவருடைய உழைப்பையும் அறிவையும் மிஷனரிகள் எவரும் மறுக்கவில்லை. ஆனாலும் 1733இல் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றவர் வேளாளரான ஆரோன். 1741இல் இரண்டாமவராகத் தியோகு. இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது, பின்பு ஒதுக்கப்பட்டது. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771இல் மறைந்தார்.

ஞானஸ்நானம் பெற்ற எவரும் ஆசாரியரே என்று 1520இல் எழுதியவர் லுத்தர். அவர் பெயரைத் தாங்கிய சபையில் இது நடந்தது. காகிதம் வரவில்லை என்றால் பட்டறை கட்டத் தெரிந்தவர்களுக்கு, மனம் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தார்கள்.

நூறாண்டு கழித்து இந்தக் காத்திருப்புக்கு ஒரு கோட்பாடு கிடைத்தது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் இங்கே வேரூன்றியபோது, அப்படி மனம் கசந்தவர்களில் பலர் அதில் அடைக்கலம் தேடினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது லைப்சிக் மிஷன் விலகி நின்றது. சாதி அடிப்படையில் ஒரு சமூக ஏற்பாடு, அதை ஆணையால் அறுக்கக்கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து வேலை செய்து காலப்போக்கில் கரைக்கும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தை வகுத்தளித்தவர் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல்.

தமிழ் படித்த யாருக்கும் இந்தப் பெயரைக் கேட்டவுடன் சற்றுத் தயக்கம் வரும். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்து தமிழ் கற்றவர். 1856இல் குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். அவருடைய இலத்தீன் மொழிபெயர்ப்பு, மறைவுக்குப் பின் 1865இல் வெளிவந்தது. பிறப்பால் எல்லா உயிரும் ஒக்கும் என்ற நூலை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர், அந்த ஒப்புக்குக் காலம் இன்னும் கனியவில்லை என்று நிர்வாக முடிவும் எடுத்தார். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பதுதான் நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும். தமிழ்ச் சபை ஐரோப்பியப் பிரதியாகிவிடக் கூடாது, இம்மண்ணின் மரபு மதிக்கப்பட வேண்டும் என்று அவர் மெய்யாகவே நினைத்தார். மரபை மதித்ததற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. இன்று பண்பாட்டின் பெயரால் மிஷனரிகளைப் பாராட்டும் நம் இலக்கிய நண்பர்கள் அந்த விலைச்சீட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அன்று ஆணையிட்ட ஆங்கிலிக்கன் வழியில் மட்டும் சாதி ஒழிந்ததா என்று கேட்பார்கள். ஒழியவில்லைதான். ஆனால் தடை என்று எழுதிவைத்த இடத்தில், அதை மீறியவரைச் சுட்டிக் கேட்க ஒரு வாசகமாவது இருந்தது. காலத்தின் மீது பாரத்தைப் போட்ட இடத்தில் யாரைக் கேட்பது? காலத்தை எந்தச் சங்கத்துக்கும் அழைத்து விசாரிக்க முடியாது.

ஒத்திவைக்கும் பழக்கம் ஒரு வாசலோடு நிற்பதில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற்றப்பட்டு, ஸ்வீடன் மிஷன் பொறுப்பேற்ற நெருக்கடியில்தான் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. பெயரில் தமிழ் இருந்தது. 1921இல் ஆயரானவர் ஹொய்மன், அடுத்துப் பெக்செல், அடுத்துச் சாண்டேகிரன். மூவரும் ஸ்வீடன் நாட்டவர். முதல் இந்திய ஆயராக இராஜா மாணிக்கம் பொறுப்பேற்றது 1956இல். ஆரோன் குருவானதிலிருந்து 223 ஆண்டுகள். பறையர் தகுதியடையவில்லை என்று வேளாளர் கருதியதும், தமிழர் தகுதியடையவில்லை என்று ஐரோப்பியர் கருதியதும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இவ்வளவு காலம் மேலிருந்து வழங்கப்பட்ட அதிகாரம் கீழே வந்து சேர்ந்தபோது, பொறுப்பாக வரவில்லை, பரிசுப்பொருளாக வந்தது. ஆயர் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறியதையும், நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் சபையை நடத்த நேர்ந்ததையும் நாளிதழ் வாசகர் அறிவார். தேர்தல் காலத்தில் சாதிவாரியாக வாக்குகள் எண்ணப்படுவது எந்தச் சபைக்கும் புதிதல்ல. அடுத்த தேர்தலுக்கு அப்பால் பார்க்க நேரமில்லாத ஒரு நிர்வாகம் முப்பதாண்டுத் திட்டம் எழுதினால், அதில் கட்டடங்கள் மட்டுமே இருக்கும். கட்டடம் வாக்களிப்பதில்லை, எதிர்த்து நிற்பதும் இல்லை.

நீண்டகாலத் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈயத்துக்கும் காகிதத்துக்கும் காட்டிய அதே துல்லியம் மனிதருக்கும் வேண்டும் என்கிறேன். எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை குருமார், எத்தனை தலைமையாசிரியர், எத்தனை பொருளாளர் என்ற கணக்கைச் சபை ஆண்டுதோறும் தன் மக்கள் முன் வைக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருந்தால், அது நீங்கும் நாளைத் தேதியிட்டு எழுதட்டும். அந்தத் தேதிக்குள் நடக்காவிட்டால் பதவி விலக வேண்டியவர் யார் என்பதையும் அதே வரியில் எழுதட்டும். சொத்து விற்பனைக்குத் தேவைப்படும் கையொப்பங்களில் பாதியாவது இதற்கும் தேவைப்படட்டும்.

நான் திருத்திய வரைவு அச்சுக்குப் போயிருக்கும். வழவழப்பான தாளில், வண்ணப்படங்களோடு வரும். கடைசிப் பக்கத்துப் பத்தியில் எழுத்துப்பிழை ஒன்றும் இராது; அதற்கு நான் பொறுப்பு. அந்த ஒரு சொல்லைச் சுழித்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காத்திருக்கலாம் என்று நானும் நினைத்திருக்கிறேன் போலும்.