சுத்து தம்பி, சுத்து!

வாசல் கதவின் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. மணி மாலை ஐந்தரை. ஒன்பதரைக்கு எனக்கு ரயில். ஆபீஸ் வேலையாக மூன்று நாள் வெளியூர். வீட்டில் மனைவியும் நாலு வயசுப் பையனும் தனியாக.

கார்ப்பென்டருக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்" என்றார். இவர்கள் வீட்டுக் காலண்டரில் 'இன்று' என்ற தாளே கிடையாது.

"திருடனையும் நாளைக்கே வரச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

போன தடவை இதே ஓட்டைகளில் தீக்குச்சி சொருகி ஸ்க்ரூ முடுக்கிய மேதை நான்தான். எனவே வாயைத் திறக்காமல் பரண் ஏறினேன். அப்பாவின் கை டிரில் கிடைத்தது. அவர் போன பிறகு யாரும் தொடாதது.

பார்க்காதவர்களுக்கு: பக்கவாட்டில் கைப்பிடி வைத்த பல்சக்கரம். அதில் 60 பல். அது சுழற்றும் குட்டிச் சக்கரத்தில் 15. நாம் ஒரு சுற்று சுற்றினால் பிட் நாலு சுற்று சுற்றும். கரண்ட் பில் பூஜ்யம்.

நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி அமுக்கினேன். டக்! பிட் ரெண்டு துண்டு.

"என்ன தம்பி, கதவோட சண்டையா?" எதிர்வீட்டு ரிட்டயர்ட் ஃபிட்டர். எழுபது வயசு. மீதி அவர் எடுத்த பாடம்:

"பழைய ஓட்டையை விடுங்க, அது தேறாது. தாழ்ப்பாளை ஒரு இஞ்ச் கீழே இறக்குங்க. பிட்டை ஸ்க்ரூ மேல வெச்சுப் பாருங்க. நடுத்தண்டு மறையணும், மரை மட்டும் ரெண்டு பக்கமும் தெரியணும். அதான் சைஸ். ஆணியால லேசா ஒரு புள்ளி குத்திக்குங்க, பிட் வழுக்காது. எவ்வளவு ஆழமோ அந்த இடத்துல பிட்டுல டேப் சுத்துங்க. நேரா பிடிச்சு நிதானமா சுத்துங்க. சாய்ச்சா ஒடியும். வெளியே எடுக்கறப்பவும் அதே பக்கமே சுத்திக்கிட்டே இழுங்க, தூள் வெளியே வந்துடும்."

"கான்கிரீட் சுவர்ல போடலாமா சார்?"

"அதுக்கு வேற மிஷின். இது மரத்துக்கும் மெல்லிசு தகட்டுக்கும்."

சுற்றினேன். சுருள் சுருளாக மரத்தூள் வந்தது. என்ன ஒரு சந்தோஷம்!

கையால் துளை போடுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். பலுசிஸ்தானின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருக்கிறார்கள். துளைத்தது கல் முனை. 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மின்சார டிரில்லுக்கு மெல்போர்னில் காப்புரிமை வாங்கியதே 1889-ல்தான். பல்லையே துளைத்தவர்கள் இருக்க, எனக்குக் கதவு கசக்குமா?

ஏழரைக்கு எட்டு ஸ்க்ரூவும் உள்ளே. நுனியில் கொஞ்சம் சோப்பு தடவினால் சுலபமாக இறங்குகிறது. இதுவும் அவர் சொன்னதுதான். வெளியிலிருந்து தோளால் இடித்துப் பார்த்தேன். தோள்தான் வலித்தது.

ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் போன். "கார்ப்பென்டர் வந்தாருங்க. தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாரு. 'யார் போட்டது? நல்லா இருக்கே'ன்னாரு."

அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

"அப்புறம், வந்துட்டுப் போனதுக்கு இருநூறு ரூபா வாங்கிட்டுப் போனாரு!"