"மெலிஞ்சி போயிட்டீங்க" என்று சொல்ல முன்னம்

பெருநாள் அன்றைக்கு ஓட்டமாவடியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், ஸலாத்துக்கு அடுத்ததாக வரும் வசனம் பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். "என்ன மகள், இப்பிடி மெலிஞ்சி போயிட்டீங்க?" என்று மாமி கேட்பா. "இப்பதான் பார்க்க வடிவா இரிக்கிறீங்க" என்று சாச்சி சொல்லுவா. "வருத்தம் ஏதுமா புள்ள?" என்று பக்கத்து வீட்டு ராத்தா வாசலில் நின்றே விசாரிப்பா. "ஹொஸ்டல் சாப்பாடு சரியில்ல போல" என்று குசினிக்குள் இருந்து இன்னொரு குரல் வரும். வந்தவள் இன்னும் கதிரையில் இருக்கவே இல்லை. அவள் சிரிப்பாள். வேறென்ன செய்வது?

இதை எழுதுகிற நாங்களும் இப்படிக் கேட்டிருக்கிறோம், பலமுறை. அதனால் இது பெரியவர்களுக்கு ஏச்சு இல்லை. நாங்கள் எங்களுக்குள்ளேயே கதைத்துக் கதைத்து வந்து சேர்ந்த ஒரு முடிவை மட்டும் சொல்கிறோம். ஒருவர் மெலிந்ததைப் பற்றிச் சபையில் வாய் திறக்கத் தேவையில்லை. கவலையாகச் சொல்லவும் தேவையில்லை, பாராட்டாகச் சொல்லவும் தேவையில்லை.

முதலில் ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூத்தம்மாமார் இந்தக் கேள்வியைக் கேட்டது அன்பினால்தான். அவர்கள் வாழ்ந்த காலத்தில் மெலிவு என்பது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. 1978 நவம்பர் சூறாவளி, மலேரியாக் காய்ச்சல், முப்பது வருட யுத்தம், 2004 சுனாமி என்று இந்த வாவிக்கரை கண்டதெல்லாம் மனிதரை மெலிய வைத்த விசயங்கள். ஒரு பிள்ளை மெலிந்து வந்து நின்றால், பசியா, நோயா, மனக்கஷ்டமா என்று கேட்டு ஒரு கோப்பை சோறு போடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. கேள்விக்குப் பின்னால் சோறு வந்தது. அதனால் அந்தக் கேள்வி யாருக்கும் வலிக்கவில்லை.

இப்போது அதே வசனத்துக்கு இரண்டு முகம் வந்துவிட்டது. மூத்தம்மா சொன்னால் பயம். எங்கள் வயதுக்காரர் சொன்னால் கைதட்டல். "மெலிஞ்சிட்டீங்க" என்றால் இன்றைக்கு "வடிவாயிட்டீங்க" என்றும் அர்த்தம். கேட்கிறவருக்கு இதில் எது என்று விளங்காது. சொல்கிறவருக்கோ, எதிரில் நிற்பவர் ஏன் மெலிந்தார் என்பது தெரியாது. இரண்டு பக்கமும் இருட்டில் நின்றுகொண்டு கதைக்கிறோம்.

2022ஐ எடுங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே மாதம் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. முந்தின வருட இரசாயன உரத் தடையால் வயற்காரரின் விளைச்சல் விழுந்திருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவரின் தோணிகள் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் தேத்தண்ணிக் கடையில் ஒரு மீன்காரக் காக்காவைப் பார்த்து எங்களில் ஒருவர் கேட்டார், "என்ன காக்கா, டயட்டா?" எல்லாரும் சிரித்தோம். காக்காவும் சிரித்தார். அவருடைய வீட்டில் இராச் சாப்பாடு பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அவர் அன்றைக்கு ஏன் சிரித்தார் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறோம். சபையில் ஒரு மனிதன், "எங்கட வீட்டில ரெண்டு நேரம்தான் சமைக்கிற" என்று சொல்ல முடியாது. சிரிப்பது ஒன்றுதான் அவருக்கு நாங்கள் விட்டுவைத்த வழி.

"சரி, பகிடி கூடாது. பாராட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். இன்னொரு கதை சொல்கிறோம். எங்களோடு இருக்கிற ஒரு தோழியின் உம்மாவுடையது, அவவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். ஐம்பது வயதை நெருங்கும்போது உம்மா மெலியத் தொடங்கினா. ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் சுற்றி நின்று, "பத்து வயசு குறைஞ்சிட்டு உங்களுக்கு, என்ன செய்றீங்க?" என்று கேட்டார்கள். உம்மாவுக்குச் சந்தோசம். "ஒண்டுமில்ல, தண்ணிதான் நெறையக் குடிக்கிறன்" என்றா. அதைக் கேட்டு இரண்டு பேர் அடுத்த நாளில் இருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதாகவும் கேள்வி. உம்மா ஏன் அவ்வளவு தண்ணீர் குடித்தா என்பது ஏழெட்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. காலில் ஒரு காயம் ஆறாமல் வைத்தியரிடம் போனபோது வெறும் வயிற்றில் எடுத்த சீனி 300ஐத் தாண்டி இருந்தது. தாகமும் மெலிவும் சீனி வருத்தத்தின் அடையாளங்கள். அந்த ஏழெட்டு மாதமும் ஊரே சேர்ந்து அவவை வாழ்த்திக்கொண்டிருந்தது.

பாராட்டு கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஆனால் அது ஒரு வேலையைச் செய்தது. உடம்பில் ஏதோ சரியில்லை என்று அவவுக்குள்ளேயே எழும்பியிருக்கக்கூடிய சந்தேகத்தை அமத்திப் போட்டது.

பாராட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. "இப்பதான் வடிவா இரிக்கிறீங்க" என்றால் போன வருடம் எப்படி இருந்தோமாம்? அதைக் கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளை ஒரு கணக்கைப் போட்டுக்கொள்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் சனம் வடிவு என்கிறது, திரும்ப உடம்பு வைத்தால் அந்த அன்பு போய்விடும். மன அழுத்தத்தில் சாப்பிட முடியாமல் மெலிந்தவருக்கு அதே பாராட்டு இன்னும் கொடுமை. அவருடைய வாழ்க்கையின் மோசமான நாட்களுக்கு நாங்கள் பரிசு கொடுக்கிறோம்.

இது எங்கள் ஊரோடு நிற்கிற பழக்கமும் இல்லை. 2025 ஏப்ரலில் நடிகர் ஸ்ரீயின் இன்ஸ்டாகிராம் காணொளிகள் எல்லார் கைபேசிக்கும் வந்தன. 'வழக்கு எண் 18/9', 'மாநகரம்' படங்களில் பார்த்த முகமா இது என்று நம்ப முடியாத அளவுக்கு மெலிந்திருந்தார். ஒரே நாளில் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணங்களை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய படம், புதிய படம் என்று இரண்டையும் ஒட்டி ஒருவர் போட்டார். மற்றவர்கள் அழுகிற முகங்களைப் போட்டோம். கவலைதான், பொய் இல்லை. ஆனாலும் அதை மற்ற குழுக்களுக்கும் அனுப்பினோமே! சில நாட்களில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் குடும்பத்தின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஸ்ரீ மருத்துவக் கவனிப்பில் இருக்கிறார், வதந்திகள் வேதனை தருகின்றன, அவருடைய தனிமையை மதியுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவர் 2023இல் நடித்த 'இறுகப்பற்று' படத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தோம். அதில் வரும் மூன்று தம்பதியரில் ஒருவரின் கதை, பிள்ளை பெற்ற பிறகு உடம்பு வைத்த மனைவியை விவாகரத்துச் செய்ய நினைக்கும் கணவனைப் பற்றியது. அந்தக் கணவன் மேல் எங்களுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அதே நாங்கள்தான், அந்தப் படத்தில் நடித்த ஒருவரின் உடம்பைக் குழு குழுவாக அனுப்பினோம்.

2020இல் சட்விக் போஸ்மனுக்கும் இதுதான் நடந்தது. 'பிளாக் பாந்தர்' நாயகன் அந்த ஏப்ரலில் வைத்தியசாலைகளுக்கான நன்கொடை ஒன்றைப் பற்றி ஒரு காணொளி போட்டார். அவர் சொன்ன விசயத்தை விட்டுவிட்டு, மெலிந்த முகத்தைப் பலர் பகிடி பண்ணினார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி, 43 வயதில் அவர் இறந்தார். 2016 முதல் குடல் புற்றுநோயோடு இருந்தார், சத்திர சிகிச்சைகளுக்கு இடையில்தான் பல படங்களில் நடித்தார் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தன் நோயை யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவருடைய உரிமை. அவர் அதைச் சொல்லாமலே வைத்திருந்தார். பகிடி பண்ணியவர்களுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இல்லாமல் போனது.

இந்த இடத்தில் எங்கள் தோழி ஒருத்தியே மறுத்துக் கதைத்தாள். "யாருமே ஒண்டும் சொல்லாட்டி உம்மாட சீனி இன்னும் சுணங்கித்தானே பிடிபட்டிருக்கும்?" நியாயமான கேள்வி. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 வீதத்துக்கு மேல் குறைந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. 70 கிலோ ஆள் என்றால் மூன்றரைக் கிலோ. சீனி, தைரொயிட், கசநோய், புற்றுநோய், மன அழுத்தம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் சில நேரம் வாய் திறக்கத்தான் வேண்டும்.

யார் திறப்பது, எங்கே திறப்பது என்பதுதான் விசயம். அவருடைய வீட்டுக் கஷ்டத்தையும் மனக்கஷ்டத்தையும் ஏற்கெனவே அறிகிற அளவுக்கு நெருக்கமானவர், தனியாக, ஒரு தரம் கேட்கலாம். கேள்வியும் உடம்பைப் பற்றி இருக்கத் தேவையில்லை. "கொஞ்ச நாளாச் சோர்வா இரிக்கிற மாதிரித் தெரியிது, சுகமா இரிக்கிறீங்களா?" என்றாலே போதும். சொல்ல விருப்பம் என்றால் சொல்லுவார். சொன்னால், "நாளைக்குக் கிளினிக் போவமா, நானும் வாறன்" என்று சொல்ல எங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். பசி என்று தெரிந்தால் ஒரு பார்சல் அரிசியோடு ஆளுக்குத் தெரியாமல் போய் வர வேண்டும். மூத்தம்மாமாரின் கேள்விக்குப் பின்னால் சோறு வந்தது என்று சொன்னோமே, அதுதான் இது. பின்னால் எதுவும் வராது என்றால் கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம்.

விரும்பி, கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாராட்டு வேண்டாமா? வேண்டும். அவர்களே கதையைத் தொடங்கட்டும். "சுபஹுக்குப் பிறகு பாலத்தடி மட்டும் நடக்கிறன்" என்று ஒருவர் சொன்னால், அந்த நடையைப் பாராட்டுங்கள். எத்தனை மாதமாக நடக்கிறார், மழைக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். உடம்பு நாளைக்குத் திரும்பக் கூடலாம். நடந்தது நடந்ததுதான்.

இது வெளியில் இருந்து வந்த புது நாகரிகம், எங்கட சனத்துக்குச் சரிவராது என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். நோன்பு மாதத்தில் ஒரு பெண் பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதைத் தற்செயலாகக் கண்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். ஏன் என்று கேட்பதில்லை. மாதவிடாயாக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், வருத்தமாக இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அது அவவின் விசயம். காணாதது மாதிரிப் போகிற இந்த ஒழுக்கத்தை எங்களுக்கு யாரும் பாடம் வைத்துச் சொல்லித் தரவில்லை, வீட்டில் பார்த்துப் பழகினோம். மார்க்கத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்கள் ஸபிய்யா (ரழி) அவர்களின் உயரத்தைக் குறைவாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு, அது கடலோடு கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. உடம்பைப் பற்றிய ஒரேயொரு சொல்லுக்குத்தான் அந்தக் கண்டிப்பு.

நோன்பில் பழகிய அந்தப் பார்வையை ஓர் உடம்பு மெலிந்து வரும்போதும் பாவிக்கலாம் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். வாற பெருநாளைக்கு யாராவது மெலிந்து வந்தால், "வாங்க வாங்க, உங்களைக் கண்டு எவ்வளவு நாள், இரிங்க" என்று சொல்லுவோம். வட்டிலப்பத்தை முன்னால் வைப்போம். எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்காமல் இருப்போம். முதல் வருசம் வாய் துறுதுறுக்கும். எங்களுக்கும்தான்.