ஒட்டி மூடும் முன்

கையால் கிட்டார் செய்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு மரத்தில்தான் தொடங்கும். ஸ்ப்ரூஸ் எத்தனை ஆண்டு காய்ந்தது, ஈட்டிப் பலகையில் ரேகை எப்படி ஓடுகிறது, உள்ளே பிரேஸை எவ்வளவு இழைத்தார்கள் என்று மணிக்கணக்கில் போகும். ட்ரஸ் ராட் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள், பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: மலிவாகக் கிடைத்த இடத்தில். மேல்பலகையில் விரிசல் விட்டால் அடைக்கலாம். பிரிட்ஜ் பெயர்ந்தால் மறுபடி ஒட்டலாம். ட்ரஸ் ராட் உள்ளே உடைந்தால், பெரும்பாலும் ஃபிரெட்போர்டைச் சூடேற்றிப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். பைண்டிங் பிய்யும், ஃபிரெட்டுகளைப் புதிதாகப் பதிக்க நேரும், நெக்கின் பூச்சையும் திரும்பச் செய்ய வேண்டிவரும். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு வகிக்கும் ஒரு பொருளால் வரும் வேலை இது.

ட்ரஸ் ராட் இல்லாமல் நல்ல கிட்டார் செய்யவே முடியாதா? முடியும். கிப்சன் ஆலையில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ முறுக்கிச் சரிசெய்யும் ட்ரஸ் ராடுக்கு 1923இல் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் நிறுவனம் 1985 வரை அந்த வழிக்கு வரவில்லை. 1934இல் நெக்குக்குள் டி வடிவ எஃகுச் சட்டம் வைத்தார்கள், போர்க்காலத்தில் எஃகு கிடைக்காதபோது கருங்காலி வைத்தார்கள், 1967இல் சதுரக் குழாய்க்கு மாறினார்கள். அந்தக் கிட்டார்களின் ஒலியை இன்றும் உலகம் தேடுகிறது. ஆனால் அவற்றின் நெக் வளைந்துவிட்டால் பலகையை இழைப்பது, சூடேற்றி நிமிர்த்துவது, தடித்த அடியுள்ள ஃபிரெட்டுகளை இறக்குவது என்று கைதேர்ந்தவரிடம்தான் போக வேண்டும். ஃபெண்டரின் அனுபவமும் நாம் அறிந்ததே. 1950இல் வந்த முதல் எஸ்கொயர்களில் ட்ரஸ் ராட் இல்லை. மேப்பிளின் உறுதி போதும் என்று லியோ ஃபெண்டர் நம்பினார். அதே ஆண்டிலேயே ராட் சேர்க்கப்பட்டது. லைட் கேஜ் எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. மரத்தை மட்டும் நம்பி அதை எதிர்கொள்வது எளிதல்ல.

ஒருவழி ராட், இருவழி ராட் என்ற விவாதம் நம் பட்டறைகளில் ஓய்வதில்லை. ஒருவழி ராட் வளைந்த காடிக்குள் கிடக்கும், நடுப்பகுதி நெக்கின் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்கும். முறுக்கும்போது அது நிமிரப் பார்க்கும், தந்தியின் இழுப்புக்கு எதிராக நெக்கைப் பின்னுக்குத் தள்ளும். எடை குறைவு, பழுதாக அதிகம் இடமில்லை. ஆனால் வளைந்த காடியைத் துல்லியமாக வெட்ட வேண்டும், மேலே நிரப்புக் கட்டையும் ஒட்ட வேண்டும். பின்வளைவு வந்துவிட்டால் அது உதவாது. இருவழி ராடுக்கு நேரான காடி போதும். ஒரு வகையில், ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் கொண்ட உருண்டைக் கம்பி, தட்டைச் சட்டத்தோடு இணைந்த இரண்டு பித்தளைக் கட்டைகளுக்குள் சுழலும். ஒரு பக்கம் திருப்பினால் கட்டைகள் நெருங்கும், மறுபக்கம் திருப்பினால் விலகும், சட்டம் அதற்கேற்ப வளையும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் செய்த கிட்டார் நாளை குளிரூட்டிய அறைக்கோ பெங்களூருக்கோ போகும். நெக் எந்தப் பக்கம் நகரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இருவழி ராடே நமக்குப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: சரியாகச் சீவாத ஃபிரெட்போர்டை ராடை முறுக்கி நேராக்கி அனுப்பும் பழக்கம் இதனால் வளர்ந்திருக்கிறது. அது தவறு. தந்தி ஏற்றாத நெக், ராட் தளர்ந்த நிலையில், நேராக இருக்க வேண்டும்.

இருவழி ராடில் முதலில் பார்க்க வேண்டியது பித்தளைக் கட்டை சட்டத்தோடு சேரும் இடம். உடைவது பெரும்பாலும் அங்கேதான். பற்றவைப்பு சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் திட்டாக உருகி நின்றால் அந்த ராட் வேண்டாம். அடுத்தது மரை. சாவியை மெல்லத் திருப்பினால் ஒரே பிசிறற்ற இழுவை கைக்குத் தெரிய வேண்டும். இடையில் கரகரத்தாலோ, பிடிப்பில்லாமல் நெடுநேரம் சும்மா சுற்றினாலோ மரை சரியாக வெட்டப்படவில்லை. பிறகு கண்ணாடித் தட்டில் வைத்து இரு பக்கமும் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். வளைவு நீளம் முழுக்கச் சீராக வர வேண்டும். வெளியில் வைத்து இதற்கு மேல் முறுக்காதீர்கள். மரத்தின் தாங்கல் இல்லாத ராடை மிகுதியாக வளைத்தால் நல்ல பற்றவைப்பும் விட்டுப்போகும். சாவி பொருந்தும் குழியையும் பாருங்கள். ஆலன் சாவி அதில் ஆடினால் சில ஆண்டுகளில் மூலைகள் மழுங்கிவிடும்.

ராடின் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதல் ஃபிரெட்டில் நெக்கின் மொத்தத் தடிமன் 21 மிமீ, ஃபிரெட்போர்டு 6 மிமீ என்றால் மரத்துக்கு மிஞ்சுவது 15 மிமீ. அதில் 11 மிமீ ஆழக் காடி வெட்டினால் அடியில் நிற்பது வெறும் 4 மிமீ. 9 மிமீ ராடுக்கு 6 மிமீ நிற்கும். மெலிந்த நெக் வேண்டுமென்றால் ராடை முதலில் வாங்கி, அளந்து, பிறகு வரையுங்கள். முறுக்குமுனையை ஹெட்ஸ்டாக் பக்கம் வைப்பவர்கள் எலும்பு நட்டுக்குப் பின்னால் எவ்வளவு மரத்தைத் தோண்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். கிப்சன் கிட்டார்களின் தலை அடிக்கடி அந்த இடத்தில் முறிவதை நாம் பார்க்கிறோம். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒலித்துளை வழியாகத் திருப்பும்படி வைப்பதே மேல். கார்பன் ஃபைபர் சட்டங்களையும் இருபுறம் புதைப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: அந்த விறைப்பையும் சேர்த்து வளைக்கும் வலு ராடுக்கு இருந்தாக வேண்டும்.

காடியில் ராட் கையழுத்தத்துக்கு இறங்க வேண்டும், ஆட்டினால் அசையக் கூடாது. தளர்ந்த ராட் குறிப்பிட்ட சுரங்களில் அதிரும், அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே நாள் போகும். மரையில் சிறிது மெழுகு தடவி, ஒட்டும் முன் ராடின் மேல் மெல்லிய டேப்பை இட்டால் பசை உள்ளே இறங்காது. ஒலித்துளைக்குள் ஒட்டும் லேபிளில் சாவியின் அளவையும் எழுதுங்கள்.

சோதனையில் தேறாத ராடைப் பழகுபவர்களுக்கான கிட்டாரில் போட்டுவிடலாம் என்று ஒதுக்கி வைப்பவர்களை அறிவோம். பழகும் பிள்ளைகளின் கிட்டார்தான் பராமரிப்பே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் அலையும், அடிக்கடி நெக்கைச் சரிசெய்யவும் வேண்டியிருக்கும். தேறாத ராடைக் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள், வாங்க மறுத்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.