கட்டியவர் கைகளே அவிழ்க்கட்டும்

பொழுதுபோக்குப் பூங்காவின் வாயிலில் நம் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுகிறார்கள். அதுவே நுழைவுச்சீட்டு, அதுவே பணப்பை, சில இடங்களில் விடுதி அறையின் திறவுகோலும் அதுவே. மாலையில் பூங்காவின் கதவு மூடப்படுகிறது. பட்டை மட்டும் நம்மோடு வீட்டிற்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு அப்பட்டை யாருடையது? கட்டிய நிறுவனத்தினுடையதா, கட்டிக்கொண்டவருடையதா, குப்பையிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்கும் தூய்மைக் காவலருடையதா? இக்கேள்விக்கு நேரான விடை சொல்லாமல், பழைய பட்டையைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று மட்டும் பேசுவது பாதிப் பேச்சு என்றே நான் கருதுகிறேன்.

பட்டைக்குள் இருப்பவை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்கா, 2013ஆம் ஆண்டு 'மேஜிக்பேண்ட்' என்னும் மின்னணுக் கைப்பட்டையை அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு அது வெறும் இரப்பர் வளையம். உள்ளேயோ இரண்டு கருவிகள் குடியிருந்தன. ஒன்று, அருகிலுள்ள படிப்பானுக்கு மட்டும் தன் எண்ணைச் சொல்லும் சிறு சில்லு. அதற்கெனத் தனி மின்கலம் தேவையில்லை. படிப்பான் வீசும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்ளும். நம் மெட்ரோ இரயில் பயண அட்டையும் இவ்வாறே இயங்குகிறது. மற்றொன்று, தொலைவிற்குக் குறிப்பலை அனுப்பும் கருவி. அதற்கு ஆற்றல் தருவது நாணயம்போன்ற ஒரு லித்தியம் மின்கலம். அந்த மின்கலத்தை மாற்ற இயலாதவாறு பட்டைக்குள் வைத்து மூடியிருந்தார்கள். ஆகவே, சில ஆண்டுகளில் மின்கலம் ஓய்ந்துவிடும். சில்லு மட்டும் உயிரோடிருக்கும்.

பூங்காவின் விடுதிகளில் தங்கியோருக்கு இப்பட்டை நெடுங்காலம் இலவசமாக வழங்கப்பட்டது. வரும்போதெல்லாம் புதிய பட்டை கிடைத்தது. நால்வர் கொண்ட குடும்பம் மூன்றுமுறை சென்று வந்தால் வீட்டில் பன்னிரண்டு பட்டைகள் சேரும். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலவச வழங்கல் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு, மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க புதுவகைப் பட்டை விற்பனைக்கு வந்தது. மாற்றங்கள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், அதற்கு முன்னர்க் கைகளில் ஏறிய பட்டைகள் உலகின் இழுப்பறைகளில் இன்னும் கிடக்கின்றன.

அவற்றுள் சில தென்னேரிக்கும் வந்திருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று இவ்வூர் ஏரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த 'திரையனேரி' என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். இங்குள்ள குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். சிலர் கடல் கடந்தும் வாழ்கிறார்கள். அத்தகைய வீடொன்றில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை விட்டுச்சென்ற நான்கு பட்டைகளை என்னிடம் காட்டி, "இவற்றை எந்தக் கூடையில் போடுவது ஐயா?" என்று வினவினார். மக்கும் குப்பைக்கு ஒரு கூடை, மக்காத குப்பைக்கு ஒரு கூடை என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறோம். அவர் கையிலிருந்ததோ இரப்பரும் செம்பும் லித்தியமும் ஒன்றாய்ப் பிணைந்த பொருள். அதற்குரிய கூடை ஊரில் எங்கும் இல்லை.

பட்டுச்சேலையும் கைப்பட்டையும்

பழம்பொருளின் மதிப்பை அறியாத மக்கள் அல்லர் காஞ்சி நாட்டார். பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசினால் சரிகை ஆகிறது. சேலை நைந்தாலும் சரிகை நைவதில்லை. "பழைய பட்டுச்சேலை வாங்குகிறோம்" என்று தெருவில் கூவி வருவோர் அதற்காகவே வருகிறார்கள். சேலையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழில் இப்பகுதியினருக்குப் புதிதன்று. பாட்டியின் கல்யாணச் சேலை இன்னொரு வீட்டின் கொலுசாக மாறியிருக்கக்கூடும்.

அவ்வாறாயின் கைப்பட்டையை வாங்க ஏன் எவரும் கூவி வருவதில்லை? விடை எளியது. ஒரு சேலையிலுள்ள வெள்ளி ஒருவருக்குக் கூலி தரும். ஒரு பட்டையிலுள்ள செம்பும் ஈயமும் கடுகளவு பொன்னும் எவருக்கும் கூலி தாரா. காயலான் கடையில் இரும்பை எடைபோடுவார்கள், பித்தளையை எடைபோடுவார்கள், பழைய செய்தித்தாளையும் எடைபோடுவார்கள். கைப்பட்டையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பட்டுச்சேலையை மீட்டது நம் அறம் என்று பெருமை கொள்கிறோம். உண்மையில் அதை மீட்டது அதன் விலை. விலை இல்லாத இடத்தில் அவ்வேலையை வேறொன்றுதான் செய்தாக வேண்டும்.

உலகளவிலும் இதே நிலைதான். ஐக்கிய நாடுகள் அமைப்பினர் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. பொம்மைகள் முதலிய சிறு கருவிகளைத் தனியே நோக்கினால் அவ்வளவு ஏறக்குறைய 12 விழுக்காடாகக் குறைகிறது. பெரிய குளிர்பதனப் பெட்டியை எவரும் தெரியாமல் குப்பையில் வீசிவிட முடியாது. சிறியது கைக்குள் மறைகிறது. அதனாலேயே நம் கணக்கிலிருந்தும் மறைகிறது.

குப்பை வண்டியில் விழும் பட்டையின் மின்கலம் நசுங்கினால் உள்ளேயே மின்சுற்று உண்டாகித் தீப்பற்றலாம். வீட்டில் பட்டையைக் கத்தியால் பிளந்து மின்கலத்தை வெளியே எடுத்து வைத்தால், தவழும் குழந்தை அதை விழுங்கக்கூடும். விழுங்கிய நாணய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கும் என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வயல்வெளியில் வீசியெறிந்தாலோ, ஐப்பசி மழை அதைக் கால்வாய் வழியே ஏரிக்கு இழுத்து வரும். அந்த ஏரி நீரில்தான் ஊரின் நெல் விளைகிறது.

மறுபயன்பாடு போதுமா?

அம்மாணவியின் பட்டைகளுக்கு நல்ல பயன் ஒன்று உண்டு. மின்கலம் ஓய்ந்தாலும் சில்லு தன் எண்ணை மறப்பதில்லை என்று கண்டோம். அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் வாங்கும் சிறு படிப்பான் ஒன்று இருந்தால், பட்டையைப் பள்ளி நூலகத்தின் உறுப்பினர் அட்டையாக மாற்றிவிடலாம். பட்டையை நீட்டினால் கணினியில் மாணவர் பெயர் தோன்றும். எடுத்த நூல் பதிவாகும். வெளிநாடுகளில் ஆர்வலர்கள் இத்தகைய பட்டைகளைக்கொண்டு வீட்டுப் பூட்டையே திறக்கச் செய்திருக்கிறார்கள். இதைச் செய்து பார்க்கும் மாணவர், இயற்பியல் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டலைத் தம் கையிலேயே காண்பார்.

எனினும், நான்கு பட்டைகளுக்குப் பொருந்தும் வழி நான்கு இலட்சம் பட்டைகளுக்குப் பொருந்தாது. நூலக அட்டையாகும் பட்டையும் ஒருநாள் கழிவாகும். அதற்குள் கிடக்கும் மின்கலம் அங்கேயே கிடக்கும். பழைய பட்டையில் சாவிக்கொத்து செய்யலாம், அணிகலன் செய்யலாம் என்னும் அறிவுரைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆக்கியவர் தீர்க்க வேண்டிய சிக்கலை வாங்கியவரின் கைவேலையாக மாற்றிவிடுகிறோமோ என்பதே அது.

வாயிலிலேயே தீர்வு

கட்டிய இடத்திலேயே அவிழ்த்துப் பெற்றுக்கொள்வதுதான் முறை. இது நடவாத கனவன்று. 2015ஆம் ஆண்டு சென்னையில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபோது, பயணச்சீட்டாக வட்டமான நெகிழி வில்லை ஒன்றைத் தந்தார்கள். அதனுள்ளும் இத்தகைய சில்லுதான் இருந்தது. இறங்கும் நிலையத்தில் வில்லையைத் துளையில் இட்டால்தான் கதவு திறக்கும். ஒருவர் இட்ட வில்லை மறுநாள் வேறொருவர் கைக்குப் போகும். திரையரங்கில் முப்பரிமாணப் படத்திற்குத் தரும் கண்ணாடியையும் வெளியேறும்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். நீலகிரி மாவட்டத்தில் 2022ஆம் ஆண்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால், மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப்புட்டியைத் தந்தவருக்கு அத்தொகையைத் திருப்பித் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காட்டில் உடைந்த புட்டிகள் யானையின் காலைக் கிழித்த நிலைக்கு மருந்தாக வந்த திட்டம் அது.

கைப்பட்டையிலேயே ஒரு சான்று உண்டு. 'கோல்டுபிளே' என்னும் ஆங்கிலேய இசைக்குழு 2022இல் தொடங்கிய தன் உலகச் சுற்றுப்பயணத்தில், இசைக்கேற்ப ஒளிரும் பட்டைகளைப் பார்வையாளர் கைகளில் கட்டிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றைத் திரும்பப் பெற்று அடுத்த ஊருக்குக் கொண்டுசென்றது. எந்த நகரத்தார் எத்தனை விழுக்காடு திருப்பித் தந்தனர் என்பதைத் திரையில் காட்டினார்கள். சராசரியாக 86 விழுக்காடு திரும்பியதாக 2023இல் அக்குழு அறிவித்தது. இக்குழு 2025 சனவரியில் நவி மும்பையிலும் அகமதாபாத்திலும் பாடியது. ஓர் இரவில் கூடிக் கலையும் பெருங்கூட்டத்திடமிருந்தே பட்டைகளைத் திரும்பப் பெற முடிகிறதென்றால், நாற்புறமும் மதிலும் ஒழுங்கான வாயிலும் உள்ள பூங்காவிற்கு அது எவ்வாறு அரிதாகும்?

பிறர் அணிந்த பட்டையைக் கட்டிக்கொள்ள மக்கள் கூசுவார்கள் என்பர் சிலர். நீர்விளையாட்டுப் பூங்காக்களில் நீச்சலுடையையே வாடகைக்குத் தந்து, முன்வைப்புத் தொகை பெற்று, துவைத்து மீண்டும் தருகிறார்கள். உடலோடு ஒட்டும் உடைக்கு இல்லாத கூச்சம் மணிக்கட்டுப் பட்டைக்கு ஏன்? அது இனிய நினைவுப்பொருள் என்பர் வேறு சிலர். இக்கூற்றை நான் எளிதில் தள்ளமாட்டேன். குழந்தை தன் பெயர் பொறித்த பட்டையை ஆண்டுக்கணக்கில் போற்றி வைப்பதைக் கண்டிருக்கிறேன். விரும்புவோர் முன்வைப்புத் தொகையை விட்டுக்கொடுத்துப் பட்டையை வைத்துக்கொள்ளட்டும். விரும்பாதவர் தலையிலும் அதைக் கட்டுவதுதான் தவறு.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. ஓராண்டில் குறைந்தது 1000 கருவிகளைப் பயன்படுத்தும் அமைப்பைப் 'பெரும் பயனாளர்' எனக் கொண்டு, அதற்கும் கடமை விதிக்கின்றன. ஒரே நாளில் ஆயிரம் கைகளில் மின்னணுப் பட்டை கட்டும் பூங்காவையும் இக்கடமைக்குள் ஐயத்திற்கு இடமின்றிக் கொண்டுவர வேண்டும். எத்தனை பட்டைகள் வெளியே சென்றன, எத்தனை திரும்பின என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் செய்ய வேண்டும். கணக்குக் கேட்பது இம்மண்ணுக்கு அயலான வழக்கமன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியம் உள்ளிட்ட ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அது விதிக்கிறது. ஆண்டு 921.

விதி திருந்தும்வரை தென்னேரியின் நான்கு பட்டைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் மாணவர்கள் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம்: ஊராட்சி அலுவலகத்தில் மின்னணுக் கழிவுக்கெனப் பூட்டிய பெட்டி ஒன்று வைக்க வேண்டும், அது நிறைந்ததும், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டை அடுத்த சபையில் படித்துக் காட்ட வேண்டும். பட்டையைப் பிளக்காமல் முழுதாகவே பெட்டியில் இட வேண்டும். தனியே கிடைக்கும் நாணய மின்கலங்களின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டிய பின்னரே உள்ளே போட வேண்டும். ஒன்றோடொன்று உரசினால் சூடேறும்.