கணக்கு நோட்டை யார் வீட்டுத் திண்ணையில் பார்ப்பது?

வன்கொடுமை வழக்கு என்றால் நம் தோழர்கள் ஓடி வருகிறார்கள். கடன் வழக்கு, நில வழக்கு என்றால் “அது வக்கீல் வேலை” என்று ஒதுங்கிவிடுகிறோம். மகத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிய அம்பேத்கர் மீது 1927-இல் சாதி இந்துக்கள் போட்டதும் உரிமையியல் வழக்குதான். 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் அது முடிந்தது. சாதிக்கு இந்த ஆயுதம் நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

சேரிக்காரர் ஒருவர் மீது ஊர்த்தெருக்காரர் பணம் கேட்டு வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம், அவருடைய கணக்கு நோட்டு. அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், “வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார். எந்த வீடு? நம்மை வாசலோடு நிறுத்தும் வீடு. கைநாட்டு வைத்தவர் தெருவில் நிற்க, உள்ளேயிருந்து யாரோ வாசித்துக் காட்டுவதற்குப் பெயர் ஆய்வா?

“இடம் எதுவானால் என்ன, காகிதம் ஒன்றுதானே” என்பவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 11, விதி 17: ஆவணத்தை அதை வைத்திருப்பவரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகங்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றை வழக்கமாக வைத்திருக்கும் இடத்திலேயே காட்டலாம். வியாபாரம் தடைபடக் கூடாது என்பதற்கான விலக்கு இது. ஆனால் எந்தக் குடிமகனும் எந்த வாசலையும் தாண்டலாம் என்று அது நம்பிக்கொள்கிறது. அந்த நம்பிக்கை நம் ஊர்களில் பொய்.

அடுத்த விதியே வழி சொல்கிறது. வழக்கறிஞர் அலுவலகம் அல்லாத வேறிடத்துக்கு எதிர்த்தரப்பு அழைத்தால், நாம் மனு போடலாம். எங்கே, எப்படிப் பார்ப்பது என்று நீதிமன்றமே உத்தரவிடலாம் என்கிறது விதி 18. நீதிமன்ற வளாகத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். “நகல் தருகிறோம்” என்பார்கள். விதி 19-இன் கீழ் நகல் தர உத்தரவானால், மூலத்தில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல் உண்டா என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் மூல நோட்டைக் காட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நிலத் தகராறில் இது தலைகீழ். நிலத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது. ஆகவே ஆணை 26, விதி 9-இன்படி ஆணையர் இடத்துக்கு வர வேண்டும். வருகிறவர் யார் வீட்டில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறார் என்று பாருங்கள். வரப்பில் நம் ஆட்களும் நிற்க வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. சட்டம் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, அந்த மனுவை எழுதிக் கொடுக்க நீங்கள் போங்கள். நிலம் நகராது, நீதிமன்றம் வரட்டும். நோட்டு நகரும், அது நீதிமன்றத்துக்கு வரட்டும். எவர் திண்ணைக்கும் கீழே நின்று நம் கணக்கை நாம் பார்க்கப் போவதில்லை.

ஜெய் பீம்!