குழந்தை எடை எங்கே குறையுது? அட்டையில் எண் இருக்கு... படிக்கத்தான் ஆளில்லை!

தர்மபுரி:
2014ம் ஆண்டு நவம்பர் மாதத்தை தர்மபுரி மக்கள் லேசில் மறக்க முடியாது. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குள் 10க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோயின. மாநிலமே அதிர்ந்தது. டாக்டர் இருந்தாரா, நர்ஸ் இருந்தாரா, கருவி இருந்ததா என்று கேள்விக்கணைகள் பறந்தன. அரசு தரப்பில் சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று, 'பிறக்கும்போதே எடை குறைவு'.

எடை குறைவுன்னு சொல்லி கையை கழுவலாமா என்று அன்றைக்கு ஜனங்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆத்திரத்தோடு இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும். அந்த எடை எங்கே குறைந்தது? பிரசவ வார்டிலா? ஸ்கூல் யூனிபார்ம் போட்ட வயசிலேயே குறைய ஆரம்பித்துவிட்டது என்பதுதான் கசப்பான உண்மை.

பாராட்டும் உண்டு, குட்டும் உண்டு

குழந்தைகளை காப்பாற்றுவதில் தமிழ்நாடு மோசமில்லை. 2020ம் ஆண்டு கணக்குப்படி, இங்கே பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. நாட்டின் சராசரி 28. ராத்திரி பகல் பாராமல் ஓடும் நர்சம்மாக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் உயிர் பிழைத்த பிள்ளையின் உடம்பில் ரத்தம் இருக்கிறதா? 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல சர்வேயில், தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 சர்வேயில் இது 51. குறைய வேண்டியது கூடியிருக்கிறது!

தாய் வீடு போனதும் கணக்கு மாயம்

குழந்தை பிறந்த 3, 7, 14, 21, 28, 42ம் நாட்களில் சுகாதார ஊழியர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும். 2011ல் கொண்டுவந்த திட்டம் இது. எடை, உடம்பு சூடு, தொப்புள், பால் குடிக்கும் விதம், மூச்சு, மஞ்சள் காமாலை எல்லாம் பார்ப்பார்கள்.

பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைவது சகஜம். 2 வாரத்துக்குள் பழைய எடைக்கு திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் பால் பத்தவில்லை, அல்லது உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். இதை கண்டுபிடிக்கத்தான் அந்த விசிட்.

நம்ம ஊர் வழக்கம் என்ன? தலைப்பிரசவம் தாய் வீட்டில். கர்ப்பம் பதிவானது புருஷன் ஊரில், பிரசவம் டவுனில், பச்சை உடம்போடு படுத்திருப்பது அம்மா வீட்டில். 3 மாசம் கழித்து குடும்பமே பெங்களூருக்கோ, திருப்பூருக்கோ வேலைக்கு பஸ் ஏறிவிடுகிறது. அந்த ஊர் நர்சம்மா பார்த்திருப்பார் என்று இந்த ஊர் நர்சம்மா நினைக்க, இந்த ஊரில் பார்த்திருப்பார்கள் என்று அவர் நினைக்க, நடுவில் நழுவுவது பச்சைக் குழந்தை!

நர்சை மட்டும் குறை சொல்லி பயனில்லை. 5 ஆயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணி பதிவு, காய்ச்சல் சர்வே, கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் அதே ஒரு ஆள் தலையில்.

9 கிலோ... 9 கிலோ... 9 கிலோ!

அடுத்தது அங்கன்வாடி. மாசா மாசம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். பச்சை பட்டைக்குள் இருந்தால் நல்லது, மஞ்சளுக்கு இறங்கினால் கவனம் என்று பெரும்பாலான தாய்மார்களுக்கு தெரியும்.

ஆனால் முக்கியமான விஷயம் அதில்லை. ஒரு வயசு பையன் போன மாசம் 9 கிலோ, இந்த மாசம் 9, அடுத்த மாசமும் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இன்னும் பச்சையில்தான் இருக்கும். "பையன் நல்லாத்தானே இருக்கான்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. அடிக்கடி பேதி, குடல் புழு, மூச்சுக்கோளாறு, சாப்பாடு போதாமை... காரணம் எதுவாகவும் இருக்கலாம். மஞ்சளுக்கு இறங்கும் வரை காத்திருக்காமல், 2 மாசம் எடை ஏறலைன்னா அப்பவே கேட்க வேண்டும். ஒரு புள்ளி சேதி சொல்லாது. புள்ளிகளை சேர்க்கும் கோடுதான் சேதி சொல்லும்.

பட்டியலில் இல்லாத பொண்ணு

பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க 2013ல் தேசிய சிறார் நலத்திட்டம் வந்தது. பிறவிக்குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சி தாமதம் என 4 வகையாக பார்க்கிறார்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளுனர் அடங்கிய குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 தடவை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கு ஒரு தடவை வர வேண்டும். இதய ஓட்டை, உதடு பிளவு, பார்வைக்குறை என்று கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம்தான்.

ஓட்டை எங்கே? வேன் வரும் நாளில் லீவு போட்ட பிள்ளைக்கு அடுத்த வருஷம்தான். 10ம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மில்லுக்கு போன பொண்ணு அந்த பட்டியலிலேயே இல்லை. 17 வயசில் யாருக்கும் தெரியாமல் கல்யாணம் முடித்துவைத்த பொண்ணும் இல்லை. யாருக்கு பரிசோதனை ரொம்ப அவசியமோ, அவள்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஸ்கூலில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. வயிறு புரட்டுது, மலம் கறுப்பா போகுதுன்னு பல மாத்திரை ஜன்னல் வழியாக பறக்கிறது. கறுப்பாக போவது சகஜம், பயப்பட வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு புரட்டுவது குறையும். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. இதை யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள்?

12 வயது தாண்டிய பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8, 9 என்று இருப்பவள் ஸ்கூலை விட்டு, கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு வரும்போதுதான் மறுபடியும் ஒரு நர்ஸ் அவள் விரலில் ரத்தம் எடுத்து பார்க்கிறார். அப்போது மிச்சம் இருப்பது சில மாசம்தான். அதற்குள் எத்தனை வருஷ பற்றாக்குறையை ஈடுகட்ட முடியும்? பிறக்கும் குழந்தை இரண்டரை கிலோவுக்கு கீழே வந்தால், 'எடை குறைவு' என்று எழுதி புதுசா ஒரு அட்டை போடுவார்கள்.

என்ன செய்யலாம்?

* தாய் சேய் அட்டையை டிரங்கு பெட்டியில் பூட்டாதீங்க. வேலைக்கு வெளியூர் போனாலும் கையோடு கொண்டு போங்க. அங்குள்ள அங்கன்வாடியில் அன்றைக்கே காட்டுங்க.

* எடை போட்டதும் "இப்ப எவ்வளவு? போன மாசம் எவ்வளவு?" என்று ரெண்டையும் கேளுங்க. கேட்பது உங்க உரிமை.

* குழந்தை தூங்கும்போது முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 2 மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இதை தொட்டாலோ தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் 108க்கு போன் போடுங்க.

* வயசுக்கு வந்த பொண்ணுக்கு வருஷம் ஒரு தடவையாவது ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. காலி நர்ஸ் இடங்களை நிரப்பணும். படிப்பை விட்ட பிள்ளைகளை தேடிப்போய் பார்க்கணும். ஊர் மாறினாலும் பிள்ளையின் கணக்கு கூடவே போகணும்.

2014ல் அந்த குழந்தைகள் இறந்தபோது 5ம் கிளாஸ் படித்த பொண்ணுங்க இன்று 20 வயதை தாண்டிவிட்டார்கள். பலர் கையில் குழந்தை இருக்கும். அன்றைக்கு அவர்கள் ரத்தத்தை யாராவது பார்த்தார்களா? இன்றைக்கு 5ம் கிளாஸ் படிக்கும் பொண்ணுங்களுக்கும் அதே கேள்விதான். பதில் சொல்ல இன்னும் அவகாசம் இருக்கிறது!