பூகம்பமும் லயத்து வீடும்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 13 நிமிடம். பொழுது இன்னும் விடியவில்லை. ஜொகூர் சிகாமட் வட்டாரத்தில் பூமி அதிர்ந்தது. அதிர்ச்சியின் அளவு 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங்கின் தென்பகுதி வரையில் மக்கள் அதை உணர்ந்தனர். அன்று காலையே ஏறத்தாழ 9 மணிக்கு யோங் பெங் பக்கம் 2.8 அளவில் இன்னொன்று. அடுத்த நாட்களிலும் சிறு சிறு அதிர்ச்சிகள் தொடர்ந்தன. உயிர்ச்சேதம் எதுவுமில்லை. சில வீட்டுச் சுவர்களில் விரிசல் கண்டதோடு போயிற்று.

நம் லயத்தில் முதலில் எழுந்த பேச்சு என்ன தெரியுமா? "செம்பனை லாரி போகுது" என்றார் ஒருவர். "கல்லுமலையில் வெடி வைக்கிறான்" என்றார் மற்றொருவர். அலமாரி மேலிருந்த பித்தளைச் சொம்பு உருண்டு வந்து தரையில் விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் திடலுக்கு ஓடினோம். அங்கே நின்று பேசினோம், சிரித்தோம், கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். இருபது நிமிஷம் கழித்து ஒரு பையன், "பாட்டி எங்கே?" என்று கேட்டான். கடைசி வீட்டுப் பாட்டியை யாரும் அழைத்து வரவில்லை! ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் கட்டிலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தினந்தோறும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஓர் ஆள் குறைந்தால் உடனே கண்டுபிடிக்கிற கிராணி நாம். அன்று திடலில் நின்ற நம் கையில் எந்தப் பட்டியலும் இல்லை.

"நம் நாட்டில் பூகம்பம் வராது, அது ஜப்பான்காரனுக்கும் சுமத்ராக்காரனுக்கும் உள்ள தொல்லை" என்று பள்ளியில் படித்ததை இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மைதான். பூமியின் பெரும் பாளங்கள் ஒன்றையொன்று முட்டுகிற எல்லை சுமத்ராவுக்கு மேற்கே கடலில் இருக்கிறது. நம் தீபகற்பம் அதிலிருந்து தள்ளியே இருக்கிறது. ஆனால் நம் மண்ணுக்கு அடியிலும் பழைய பிளவுகள் உண்டு. 2007-லிருந்து 2009 வரை பகாங் புக்கிட் திங்கியில் பலமுறை பூமி அசைந்தது. சபாவில் ரானாவ் வட்டாரத்தில் 2015 ஜூன் 5-ஆம் தேதி வந்த பூகம்பத்தின் அளவு 6.0. கினபாலு மலையில் பாறைகள் உருண்டு, சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 18 பேர் மாண்டனர். 4.1-க்கும் 6.0-க்கும் ஏதோ இரண்டு எண்தானே வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் எண் கூடினால் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். ஆக ரானாவில் வெளிப்பட்ட சக்தி சிகாமட்டில் வெளிப்பட்டதைப்போல் 700 மடங்கு. சிகாமட்டில் நாளையே அப்படி வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று உலகத்தில் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படித் தேதி போட்டு வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் புளுகு.

பூமி ஆடுவதால் மட்டும் மனிதன் சாவதில்லை. தலைக்கு மேலிருப்பது விழுவதால்தான் பெரும்பாலோர் சாகிறார்கள். இதற்கு இந்தியாவில் நடந்ததே சாட்சி. மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊர். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன் 4 மணி அளவில் பூகம்பம். அளவு 6.2, உலகக் கணக்கில் அது மிகப் பெரியதன்று. ஆனாலும் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அங்கே வீட்டுச் சுவர் கருங்கல்லை மண் குழைத்து அடுக்கியது. கூரை மரமும் மண்ணும் பரப்பியது, யானைக் கனம். தூங்கியவர்கள் மேல் அது அப்படியே இறங்கிற்று. ஓலைக் குடிசையில் கிடந்த ஏழைகள் பலர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

இதை நம் லயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பழைய பலகை வீடு, தகரக் கூரை என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அது ஆடும், கிறீச்சிடும், லேசில் விழாது. கால்களைக் கறையான் அரித்திருந்தால் அது வேறு கதை. செங்கல் வீடு பார்வைக்கு அழகு. உள்ளே இரும்புக் கம்பி போட்ட தூணும் உத்தரமும் இல்லாவிட்டால், பக்கவாட்டில் ஆடுவதை அது தாங்காது. கட்டி எத்தனை வருஷம் ஆயிற்று, எப்படிக் கட்டினார்கள் என்பது குடியிருக்கும் நமக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அதற்குப் பின்னால் வருகிறோம்.

முதலில் நம் கையால் ஆகிற காரியம். இன்று இரவு படுக்கும்போது, பாயில் மல்லாந்து படுத்தபடி மேலே பாருங்கள். என்ன தெரிகிறது? கண்ணாடி போட்ட சாமிப் படங்கள் வரிசையாக ஆணியில் தொங்கும். அலமாரி உச்சியில் பழைய டிரங்குப் பெட்டி, அதன்மேல் மாவரைக்கும் கிரைண்டர். நம் வீட்டிலும் இதே கதைதான். கிரைண்டரை இறக்கச் சொன்னதற்கு நாம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை. பாரமானதைக் கீழே வையுங்கள். அலமாரியை இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு திருகாணியால் முடுக்குங்கள்; செலவு சில வெள்ளிதான். படுக்கையைக் கண்ணாடி ஜன்னலடியிலிருந்து நகர்த்துங்கள். வீட்டுக்குப் பின்னால் மரச் சட்டத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போடட்டும். 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. அந்தச் சட்டம் உளுத்திருந்தால் அதனடியில் பிள்ளைகள் விளையாடலாமா?

எரிவாயுத் தோம்புக்கு மேலேயுள்ள குமிழைத் திருகி மூடுவது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும். நம் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாமி மேடையில் எரிகிற எண்ணெய் விளக்கு. அதிர்ச்சி நின்றதும் எரிவாயுவை மூடி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். இருட்டாயிருக்கிறதே என்று தீக்குச்சி கிழிக்காதீர்கள். பால் வெட்டுக்குப் போகிறவர்களிடம் தலைவிளக்கு இருக்கிறது. அதைப் பின்கட்டு ஆணியில் மாட்டாமல் தலைமாட்டில் வைத்துப் படுங்கள். கூடவே செருப்பையும் வையுங்கள். உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு ஓடிக் காயப்படுவோர் எங்கும் மிகுதி.

ஆடும்போது என்ன செய்வது? அன்று நாம் செய்தது தவறு என்றே சொல்ல வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது வாசலை நோக்கி ஓடினால் ஓடும் செங்கல்லும் தலையில் விழும். உறுதியான மேஜை இருந்தால் அதனடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை இல்லாத வீடுதான் லயத்தில் அதிகம். அங்கே ஜன்னலும் அலமாரியும் இல்லாத உட்சுவர் ஓரம் குந்தி, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். படுக்கையில் இருந்தால் கவிழ்ந்து படுத்துத் தலையணையைத் தலைமேல் போடுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நின்ற பிறகு நடந்து வெளியே வாருங்கள். மரக்காட்டில் வேலையில் இருப்பவர்கள் பட்டுப்போன கிளைக்கும் மின்கம்பிக்கும் கீழே நிற்கக் கூடாது. வாளி காலியாக இருந்தால் தலையில் கவிழ்த்துக்கொள்வதில் வெட்கமில்லை; பாலோடு கவிழ்த்தால் கூலியும் போயிற்று, தலைமயிரும் போயிற்று!

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளைக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 60 லிட்டர். மூடியுள்ள தோம்பில் பிடித்து மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பிறப்புப் பத்திரம், மைகார்ட், கல்யாணப் பதிவு, சேமநிதி, சொக்சோ கடிதங்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரே பையில் வையுங்கள். சிகாமட் வெள்ளத்தை 2006 முடிவிலும் 2011-லும் 2023-லும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் பிறப்புப் பத்திரம் போனவர்கள் இலாகா இலாகாவாக அலைந்ததை நாம் கூட நின்று மனு எழுதிக் கண்டிருக்கிறோம். தினசரி சாப்பிடுகிற நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரையும் அந்தப் பையில் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். மின்சாரம் போனாலும் செய்தி கேட்க, பேட்டரியில் ஓடும் சிறு வானொலி ஒன்று. அவசரத்துக்கு 999.

இனிச் சுவருக்கு வருவோம். அலமாரி நம்முடையது, முடுக்கினோம். சுவர் நிர்வாகத்தினுடையது. தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி அதை நல்ல பழுதற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. தொழிலாளர் இலாகா அதிகாரிகள் வந்து பார்க்கவும் அதில் அதிகாரம் உண்டு. ஆகவே விரிசலைச் சுண்ணாம்பு பூசி மறைக்காதீர்கள். தீபாவளி வந்தாலும் சரி! பூச்சில் தலைமயிர் போல ஓடும் கோடு பெரிய விஷயமல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் இடுக்கில் படிப்படியாக இறங்குவது, காசு நுழைகிற அகலத்தில் இருப்பது, கதவு திடீரென்று மூட மறுப்பது, இவைதாம் கவனிக்க வேண்டியவை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். படம் எடுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது சாட்சி. வீட்டு எண், தேதி, படம் மூன்றையும் சேர்த்து எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும் என்பதை எத்தனையோ கோப்புகளைக் கட்டி வைத்த நாம் அறிவோம். அதை வைத்துத்தான் கிளைக் காரியதரிசி தகுதியுள்ள பொறியியலாளர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்க முடியும். கூலி உயர்வுக்கு மேஜைமேல் கைதட்டிப் பேசும் நாம், கூலி வாங்கி வந்து தூங்குகிற சுவரைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

கடைசியாக அந்தப் பட்டியல். செக்ரோலில் கம்பெனி சம்பளம் கொடுக்கிற பெயர்கள் மட்டுமே உண்டு. பாட்டி இல்லை, ஆயாக்கொட்டகைப் பிள்ளை இல்லை. குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்கள் பல இடங்களில் அதிலும் இல்லை, இதிலும் இல்லை. ஆகவே நாம் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போனோம். வீட்டில் யார் யார், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது கேளாது, யார் அவரை அழைத்து வருவது, எல்லாம் ஒரு வரியில். கூடுமிடம் திடலின் கோயில் பக்கத்து மூலை. அங்கே மின்கம்பம் இல்லை. பெரட்டுக் களத்தை விட்டுவிட்டோம். அதன் ஓரத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி உயரத்தில் நிற்கிறது.

முதல் வரிசையில் பதினோரு வீடு எழுதியாயிற்று. கடைசி வீட்டுப் பாட்டிக்கு நேரே, அழைத்து வருபவர் யார் என்ற கட்டத்தில் பேரன் பெயரை எழுதப் போனோம். "அவன் ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போயிடுவானே" என்றார் பாட்டி. எதிர் வீட்டு வங்காளதேசத் தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு மத்தியான வேலை. தம் பெயரை அவரே எழுத்துக்கூட்டிச் சொன்னார்; எழுதிக்கொண்டோம். அவருக்கு வேலை மாறும் வாரத்துக்கு இன்னொரு பெயர் வேண்டும். அந்த இடம் நோட்டில் இன்னும் காலியாக இருக்கிறது.